மூன்றாவது பக்கம்

படத்தில் என் பேர் மோகனா.
கையில் எப்போதும் டபரா.
எழுதுகிற இருவருக்கு நடுவில்
ஆவி பறக்க நிற்கிறேன்.

ஜங்ஷன் தியேட்டரில் மத்தியானக் காட்சி.
குறுக்குத்துறைப் படிக்கட்டில் மழை;
தாமிரபரணிக் கரையில் பெய்ய
லாரியில் வந்த தண்ணீர்.
லாட்ஜ் அறையில் மூவரும் ஒயின் குடிக்கிறோம்.
எங்களுக்கு வாய்த்தது பதநீர்,
வெயில் ஏறிப் புளித்தது.

நான் எப்சிபா. முருகன்குறிச்சி அச்சாபீசில்
பிழை திருத்த நாளுக்கு ஒன்றரை ரூபாய்.
காப்பி போட்டவன் பூதலிங்கம், கருப்பட்டிக் காப்பி.
ஆவுடையப்பன் இரண்டு மடக்கு குடித்து
மீதியை அவனிடமே நீட்டுவான்.
எல்லாரும் அண்ணாந்து குடிக்கிற ஊரில்
பூதலிங்கம் அதை வாய் வைத்துக் குடிப்பான்.
எனக்கு அப்போது புரியவில்லை என்று
சொன்னால் பொய்.

ஆவுடைமேல் எனக்கு ஆசை. அது படத்தில் சரி.
கடிதம் கொடுத்தேன், பதில் வந்தது.
அவன் கையெழுத்து,
பூதலிங்கத்தின் நடை.

‘மடைவாய்’ நாலாம் இதழ், மூன்றாவது பக்கம்.
பூதலிங்கத்தின் கவிதை.
தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில்:
ஆவுடைக்கு.
புரூப் இன்னும் ஈரம்.
அச்சுக் கோர்க்கிற செல்லையா சாப்பிடப் போயிருந்தார்.
இடுக்கியால் இரண்டு எழுத்தை உருவினேன்,
இரண்டைச் செருகினேன்.
ஆற்றுக்கு.

ஊர் வாயிலிருந்து காப்பாற்றத்தான் என்று
நெடுநாள் சொல்லிக்கொண்டேன்.
வயிற்றெரிச்சலும் இருந்தது.
எவ்வளவு என்று அளக்கிற படி
எங்கள் வீட்டில் இல்லை.

இதழ் வந்த அன்று பூதலிங்கம்
அந்தப் பக்கத்தை வெகுநேரம் வைத்திருந்தான்.
“நல்லாத் திருத்தியிருக்கே, எப்சிபா.”
அவ்வளவுதான்.
ஆனிக்குள் தூத்துக்குடி போய்விட்டான்,
உப்பளத்தில் கணக்கெழுத.
ஆவுடைக்குச் சேரன்மகாதேவியில் பெண் அமைந்தது.
ஐந்தாம் இதழுக்கு வாங்கிய காகிதத்தைச்
செல்லையா மளிகைக் கடைக்குப் போட்டார்.

திரையில் இப்போது அந்தக் கவிதை.
கனத்த குரல் ஒன்று வாசிக்கிறது:
நீ வளைகிற இடத்தில்
நான் மணலாகிறேன்.
கேமரா ஆற்றின்மேல் நகர்கிறது. கொக்கு. நாணல்.
காற்றில் மோகனாவின் முந்தானை.
பக்கத்து இருக்கைப் பையன் சொல்கிறான்:
“ஆத்தப் பத்தி எப்படி எழுதிருக்கான் பாருலே.”

என் பர்சில், பஸ் சில்லறைக்கு நடுவே
வு,
டை.
தேய்ந்த ஈயம்.
இருட்டில் ஒருதரம் கண்டக்டரிடம் நீட்டிவிட்டேன்,
உள்ளங்கையில் புரட்டிப் பார்த்துவிட்டு
இது செல்லாதும்மா என்று
திருப்பித் தந்தான்.