லிஃப்ட் பழுதில்லை

லிஃப்ட் பழுதில்லை, நான்தான் ஏறுகிறேன் என்று
மூன்று மாதம்
எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருந்தது.
எட்டு மாடி. மாடிக்குப் பதினெட்டுப் படி.
முதுகுப் பையில் ஐந்து கிலோ மைசூர்ப் பருப்பு.
புறக்கோட்டையில் விலை பேசி வாங்கிய சப்பாத்து
குதிக்காலைக் கடித்தது.
ஆறாம் மாடி மிஸிஸ் பாறூக்
மீன் பையோடு கதவைத் திறந்தபடி
"கேதீச்சரத்துக்கா?" என்றா.
இல்லை, கேதாரம்.
"அது எங்க ஈக்குது?"
மேலே, என்றேன்.
மூச்சு அவ்வளவுக்குத்தான் இடம் தந்தது.

வெள்ளவத்தையில் நாங்கள்
கடலுக்கு எத்தனை அடி மேலே என்று
யாரும் கேட்பதில்லை.
மழை பெய்தால் காலி வீதி சொல்லும்.

லாப்பில் இரத்தம் எடுக்கிறவள் நான்.
நாளுக்கு அறுபது கை.
ஒளித்திருக்கும் நரம்பையும்
கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பிடிப்பேன்.
விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சின்னக் கருவியை
சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போனேன்.
இங்கே எனக்கு எப்போதும் தொண்ணூற்றெட்டு.

சிவகடாட்சம் டிராவல்ஸ் தந்த தாளில்
பதினோராம் நாள்: தரிசனம்.
பத்தாம் நாள் இரவு
மலை இறங்கி வந்து
வீதியில் உட்கார்ந்துவிட்டது.

உக்கிமத்தில் நாலு நாள்.
நாலு நாளும் உருளைக்கிழங்குக் கறி.
குழுவில் முப்பத்தொரு பேர்
அறைக்குள் தேவாரம் படித்தார்கள்.
தூரத்தில் மண் அள்ளும் இயந்திரம்
சுதி சேராமல் கூடப் பாடியது.
எனக்குப் பாட்டு வரவில்லை.
ஏறிப் பழகிய கால்
கம்பளிக்குள் கிடந்து படி தேடியது.

ஐந்தாம் நாள் விடியமுன்
தேவேந்தர் என்றொருவனோடு நடந்தேன்.
யாத்திரைக்காரரைச் சுமக்கும் கோவேறு கழுதை
அவனுக்கும் அன்று வேலையில்லை, அதற்கும் வேலையில்லை.
அவன் பாஷை எனக்குத் தெரியாது.
என் மூச்சு அவனுக்கு விளங்கியது.
நான் நின்ற இடமெல்லாம்
அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான்,
கட்டியிருந்த கயிற்றையே.

மேலே ஒரு குளம்.
குளத்துக்குள் தலைகீழாய் ஒரு வெள்ளை மலை.
கருவியை மாட்டினேன்: தொண்ணூற்றொன்று.
அவன் விரலை நீட்டினான்: தொண்ணூற்றாறு.
கழுதையின் காதிலும் மாட்டச் சொன்னான்.
எண் வரவில்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.
கழுதை போய்க் குளத்தில் வாய் வைத்தது.
மலை கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு
பழையபடி நின்றது.
கையில் தேத்தண்ணி இருந்தது.
கும்பிடவில்லை என்பது
பாதி இறங்கியபிறகுதான் ஞாபகம் வந்தது.

வீதி திறந்த அன்று
எங்கள் டிக்கெட் முடிந்தது.

கட்டுநாயக்காவில் காற்று
ஈரத் துவாய் போல முகத்தில் விழுந்தது.
பிரசாதம் என்று எல்லோரும் கை நீட்டினார்கள்.
ஹம்டன் ஒழுங்கைக் கடையில்
இருநூறு கிராம் கற்கண்டு வாங்கி
துண்டைக் கிழித்தெறிந்துவிட்டுக் கொடுத்தேன்.
கண்ணில் ஒற்றி வாயில் போட்டார்கள்.
லாப்பின் டொக்டர்கூட.
மிஸிஸ் பாறூக்குக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன்.
"தெரியும்," என்றா,
"நானும் அங்கதான் வாங்குற."

வோச்சர் லஹிரு கையை நீட்டவில்லை.
"சாமி கண்டதா, மிஸ்?"
வீதி மூடியிருந்தது என்றேன்.
எங்களுக்குச் சிவனொளிபாதம், அவனுக்கு ஸ்ரீபாத.
அந்த மலையை நாலு தரம் ஏறியவன்.
நாலாம் தரம் மழையில்
பாதியில் திரும்பியவன்.
"அதையும் சேர்த்துத்தான் நாலு," என்றான்.
பிறகு தண்ணீர் மோட்டரைப் போடப் போய்விட்டான்.

சப்பாத்து பால்கனியில் கிடக்கிறது.
அடியில் இன்னும் அந்த ஊர் மண்;
உப்புக் காற்றுக்குக் காயவில்லை.
பருப்பைப் பையிலிருந்து எடுக்கவில்லை.
கருவியைத் திருப்பிக் கொடுக்கமுன் ஒருக்கால் மாட்டினேன்.
தொண்ணூற்றெட்டு.
ஏமாற்றமாக இருந்தது,
யாரிடம் சொல்ல.

லிஃப்ட் இன்றும் பழுதில்லை.
மூன்றாம் மாடிக்குப் பதினெட்டல்ல,
பத்தொன்பது படி.
நேற்றுத்தான் எண்ணினேன்.