முப்பத்தேழு விநாடி

திரையின் மூலையில் சிவப்பாக
‘நேரலை’ என்று மின்னும்.
நம்பாதீர்கள்.
நேர் அல்ல அது.
இசிபிங்கோ மைதானத்தில் பந்து வலைக்குள் போய்,
கோல்கீப்பர் அதை வெறுப்பாக உதைத்துத் திருப்பி அனுப்பியும் ஆகியிருக்கும்.
உங்கள் கைப்பேசியில் அவன்
இன்னும் கையுறையை இறுக்கிக்கொண்டிருப்பான்.
முப்பத்தேழு விநாடி.
வாய்விட்டு எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

கேமரா இரண்டு. ஒன்றுக்குத் தவணை பாக்கி.
லாரி பேட்டரியில் ஓடும் இன்வெர்ட்டர் ஒன்று
(எங்கள் ஆட்ட அட்டவணையைவிட
மின்வெட்டு அட்டவணை ஒழுங்கானது).
மூன்று சிம் கார்டு, மூன்று கம்பெனி,
எந்த நேரத்தில் எது காலை வாரும் என்று
கடலுக்குத்தான் தெரியும்.
பிறகு ந்தோகோஸோ.
பந்தைப் பார்க்கமாட்டான்,
பந்து போகப்போகிற இடத்தைப் பார்ப்பான்.
சம்பளம் கொடுக்க முடிந்த வாரத்தில் கொடுக்கிறேன்.

வலது மேல் மூலை படையாச்சி டயர் கடைக்கு.
கீழே ஓடும் பட்டை கோழிக்கறிக் கடைக்கு.
கோல் விழுந்தால் மட்டும் வரும் பத்து விநாடி
ரங்கசாமி ஈமச்சடங்கு நிலையத்துக்கு.
அவரே கேட்டு வாங்கிய இடம்.
“அப்போதுதான் திலோஷா, ஒருத்தரும் கண்ணை எடுக்கமாட்டார்கள்”
என்றார், சிரிக்காமல்.
திங்கட்கிழமை தவறாமல் போன் வரும்:
எத்தனை பேர் பார்த்தார்கள்?
இருநூற்றுப் பதினொன்று.
இவ்வளவுதானா?

அந்தச் சனிக்கிழமை அரையிறுதி.
ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் நேரமும் தீரப்போகிறது.
பெனால்ட்டி.
கோலில் குமரேசன் நாயக்கர்.
சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி உச்சியில்
தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது.

பாய்ந்தான். இடது பக்கம்.
பந்து வலது பக்கம் போனது.
என் விரல் பழக்கத்தில் பொத்தானைத் தட்டிவிட்டது.
கோல் வந்தால் தட்டவேண்டிய பொத்தான்.

அப்போது விழுந்தது அந்த வரி,
பக்கத்து அரட்டைப் பெட்டியில்.
எழுதியவன் தயாளன், குமரேசனின் அண்ணன்,
வால்விஸ் பேயில் நங்கூரமிட்ட சரக்குக் கப்பலில் சமையல்காரன்:
“இப்போது பாருங்கள், இடது பக்கம் பாய்வான்.
சின்ன வயதிலிருந்தே இடதுதான்.”

எனக்குத் தெரியும்.
மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.
எதிரணி ஏற்கெனவே சட்டையைக் கழற்றிச் சுழற்றுகிறது.
தயாளனுக்கு மட்டும் தம்பி
கோட்டின்மேல் கை விரித்து நிற்கிறான்,
ஆட்டம் இன்னும் சமன்.
இருபத்தைந்து விநாடி இருக்குமா?
ஏதாவது தட்டச்சு செய்யலாம்.
என்ன செய்வது?
கரைக்கு அப்பால் ஓர் அலை உடைந்தது, இன்னொன்று உடைந்தது.
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அவனுக்கும் விழுந்தது கோல்.
கூடவே ரங்கசாமியின் வெள்ளைத் தாமரை,
தங்க எழுத்து:
‘இந்த வேளையில் உங்களோடு நாங்கள்’.

பெட்டியில் யார் யாரோ அழுதார்கள், வைதார்கள்,
நடுவரின் பிறப்பை ஆராய்ந்தார்கள்.
தயாளன் கொஞ்சம் பொறுத்து எழுதினான்:
“பார்த்தீர்களா,
நான் சொன்ன பக்கமே பாய்ந்தான்.”

எல்லாரும் போனார்கள்.
நூற்றெண்பது, அறுபது, ஒன்பது.
ஒன்று.
அந்த ஒன்று போகவில்லை.
இன்வெர்ட்டர் கீச்சிடத் தொடங்கியது.
ந்தோகோஸோ கேமராவைத் திருப்பினான், நான் சொல்லாமலே:
இடது கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து
கையுறையைப் பல்லால் பிரித்துக்கொண்டிருந்தான் குமரேசன்.
யாரும் விளம்பரம் வாங்காத காட்சி.
பேட்டரி அனுமதித்தவரை விட்டுவைத்தேன்.

பிறகு நிறுத்தினேன்.
வயரைச் சுருட்டி, முக்காலியை மடித்து,
வண்டியின் பின்கதவைச் சாத்தினேன்.
குமரேசனும் எழுந்து போய்விட்டான்.
வால்விஸ் பேயில் இன்னும் கொஞ்ச நேரம்
உட்கார்ந்திருந்தான்.