பச்சைப் புள்ளி

தார்த்து நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து பதினோரு நாள்.
கரையில் நின்று எல்லோரும்
எல்லோரையும் பார்க்கிறார்கள்.
பனி தாங்கும் என்று தெரியும்.
முதல் கால் யாருடையது என்பதுதான் தெரியாது.

எங்கள் அலுவலகம் அக்கரையில்,
மூடிப்போன ரொட்டி ஆலையின் இரண்டாம் மாடி.
ஐந்து பேர், ஒரு காபி இயந்திரம்,
பதினெட்டு மாதம் தாங்கும் கடன்.
விளம்பரம் கிடையாது. வேவு கிடையாது.
யார் எந்தப் படத்தில் எத்தனை நொடி நின்றார்கள் என்று
எழுதி வைக்கும் கணக்குப்பிள்ளை கிடையாது.
ஸில்த் என்று பேர் வைத்தான் தார்வோ,
எங்கள் மொழியில் பாலம்.
'பெரியதை முந்திவிடுவீர்களா?' என்றது வங்கி.
வலது மூலையில் வானம் பார்த்து வளையும்
ஒரு கோட்டைக் காட்டினான்.
கோடு அழகாகத்தான் இருந்தது.

பந்தி விரித்தாயிற்று.
பந்திக்கு முந்தத்தான் ஆளில்லை.

'அங்கே இருக்கவே பிடிக்கவில்லை' என்று
அங்கேதான் எழுதினார்கள்.
நானூறு பேர் லைக் போட்டார்கள்,
அங்கேதான்.

பல் மருத்துவர் லெம்பித் ஒருநாள் வந்தார்.
தன் நாயின் படத்தை வெற்று அறைக்குக் காட்டினார்.
நாங்கள் ஐவரும் விழுந்தடித்துக்கொண்டு லைக் போட்டோம்.
ஐந்து. சரியாக ஐந்து.
அவருக்குப் புரிந்துவிட்டது.

பிறகு அந்தச் செவ்வாய்.
மாலை ஆறு நாற்பதுக்குப் பெரியது விழுந்தது,
உலகம் முழுக்க, ஒரே மூச்சில்.
ஏழுக்கு எங்களிடம் முந்நூறு பேர்.
எட்டுக்கு ஒன்பதாயிரம்.
அதன்பின் எண்ணுவதை விட்டுவிட்டு
ஓடிப்போய் வெந்நீர்க் கெண்டியை அணைத்தேன்:
சர்வர் அறைக்கும் சமையலறைக்கும் ஒரே ஃபியூஸ்.

வந்தவர்கள் எழுதியதெல்லாம் ஒரே வாக்கியம்.
'நீ இங்கே இருக்கிறாயா?'
'நீயும் வந்துவிட்டாயா?'
'ஐயோ, ஹில்தே, நீயுமா!'
வேறொன்றும் இல்லை.
இரண்டு வருடம் வேறென்னவோ கட்டிக்கொண்டிருந்தோம்.

பத்தரைக்கு நாங்களும் விழுந்தோம்.
மாரெத் விசைப்பலகைமேல் தலைவைத்து
சிரித்தாளா அழுதாளா, தெரியவில்லை.
ஒன்று பத்துக்கு எழுந்தோம்.
ஒன்று ஆறுக்குப் பெரியது எழுந்திருந்தது.

நான்கு நிமிடம்.

விடிந்தபோது பெயர்கள் மட்டும் கிடந்தன,
கல்யாணம் முடிந்த மண்டபத்தில்
நாற்காலிகள் கிடப்பதுபோல.
'இன்னொருமுறை விழும்' என்றான் தார்வோ.
விழும்தான்.
ஆனால் செத்துப்போன யான்னோவின் பக்கம் அங்கே இருக்கிறது.
ஒவ்வொரு மே மாதமும் அவன் அம்மா
'இன்று ஆப்பிள் பூத்தது' என்று அவனுக்கு எழுதுகிறாள்.
அதை எந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வர?

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.
பெர்கனில் இருக்கும் தங்கை மகனுக்கு முதல் பல்.
படம் பார்க்க ராத்திரி ரகசியமாக உள்ளே போனேன்.
பழைய கடவுச்சொல், விரலுக்கு மறக்கவே இல்லை.
என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.
கொஞ்சம் கீழே இன்னொன்று.
தார்வோ.
அவனும் பார்த்தான், அது நிச்சயம்.
கூண்டோடு பிடிபட்ட இரண்டு திருடர்கள்
ஒருவருக்கொருவர் காவலுக்கு நின்றதுபோல் நின்றோம்.
முதலில் அவன் அணைந்தான்.
பிறகு நான்.
மறுநாள் காபி நேரத்தில்
வானிலை பற்றி நிறையப் பேசினோம்.

வோரு பக்கத்துத் தேனீக்காரர்கள் மட்டும் போகவில்லை,
முப்பத்தேழு பேர்.
பேன் பிடித்த கூட்டுக்கு என்ன மருந்து,
இந்தக் குளிரில் ராணி பிழைக்குமா,
இப்படியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
யாரை யார் முந்தினார் என்று
அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை.
கோட்டில் அவர்கள் தெரியவே மாட்டார்கள்,
அத்தனை தட்டை.

இன்று காலை ஜன்னலில் நின்று பார்த்தேன்.
ஒரு நாய் கயிறை அறுத்துக்கொண்டு
பனிமேல் ஓடியது.
பின்னாலேயே கத்திக்கொண்டு லெம்பித்,
ஒரு கையுறை கையில், ஒன்று கரையில்.
பாதி ஆறு வந்ததும்தான் உறைத்திருக்க வேண்டும்
தான் எங்கே நிற்கிறோம் என்று.
நாயை விட்டுவிட்டார்.
மெல்லத் திரும்பினார்,
யாராவது வருகிறார்களா என்று பார்க்க.