இடவலம்

கீழே இறங்கப் பதினான்கு படிகள்.
கடைசிப் படி மட்டும் ஒரு விரல்கடை உயரம் கூட.
இதுவரை நான்கு பேர் தடுக்கி விழுந்தார்கள்,
அதில் ஒருவர் தீயணைப்புத் துறை.

ப்ளோவ்திவ் நகரில்
முன்பு தோல் கிடங்காக இருந்த நிலவறை.
"ஈரம் ஏறுமா?" என்று கேட்டேன்.
சொந்தக்காரர் ராடோஸ்வெட்
தலையை மேலும் கீழும் ஆட்டினார்.
குறையை மறைக்காத மனுஷன் என்று
அந்த நேர்மைக்காகவே
மூன்று வருட வாடகைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஸெல்மிரா மக்குவாக்குவா.
என் பெயரை
நோட்டரி ஒரு மாதிரி எழுதினார், வங்கி ஒரு மாதிரி,
நகராட்சி தன் இஷ்டத்துக்கு.
ஒரு மதுக்கூடத்துக்கு மூன்று ஸெல்மிராக்கள்.
ஒருத்திக்கு உரிமம் உண்டு, பணம் இல்லை.
ஒருத்திக்குப் பணம் உண்டு, கடை இல்லை.
மூன்றாமவளுக்கு
வந்ததெல்லாம் அபராதம்.

மூவரும் ஒருத்திதான் என்று
கடல் தாண்டி பெய்ராவிலிருந்து காகிதம் வரவேண்டும்.
காகிதத்துக்கு முத்திரை,
முத்திரைக்கு மொழிபெயர்ப்பு,
மொழிபெயர்ப்புக்கு இன்னொரு முத்திரை.
சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
"நல்லவேளை,
மூவரில் யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை"
என்றான் கணக்காளன் இல்கோ.

சுகாதாரத்துறை அம்மாள் வந்தாள்.
கை கழுவ ஒரு தொட்டி, கோப்பை கழுவ ஒரு தொட்டி,
எலுமிச்சைக்குத் தனித்தொட்டி.
எலுமிச்சை இன்னும் வாங்கவில்லை.
தொட்டி வந்து காத்திருந்தது.

இனி மேல்வீடு.
மேல்வீட்டுக்காரி புகார் எழுதினால்
கடை அன்றோடு சரி என்றார்கள்.
ஒரு கேக் வாங்கிக்கொண்டு ஏறினேன்.
பென்கா. நாற்பது வயதிருக்கும். வீங்கிய கண்கள்.
ஒத்திகை பார்த்த வாக்கியத்தை ஒப்பித்தேன்:
"ராத்திரிப் பாட்டு உங்களுக்குத் தொந்தரவா?"
அவள் மேலும் கீழும்
அழுத்தமாக, இரண்டு தரம்.

போயிற்று.
ஐஸ் இயந்திரத்துக்கு வைத்திருந்த
நாலாயிரம் லெவாவையும் கூரையில் கொட்டினேன்.
பஞ்சு, பலகை, ரப்பர், மறுபடி பலகை.
மூன்று வாரம்
காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை
துளைப்பான் கூரையைக் குடைந்தது.
சட்டப்படி சத்தம் போடக்கூடிய நேரம்தான்.
அதில் எனக்குப் பெருமைகூட.

பத்தொன்பதாம் நாள்
இரவு அங்கியோடு பென்கா இறங்கி வந்தாள்,
கடைசிப் படியில் தடுக்கினாள்,
கத்தினாள்.
இல்கோ மொழிபெயர்த்தான்,
முதலில் வேகமாக, பிறகு தயங்கித் தயங்கி.

அவள் மருத்துவமனையில் இரவுத் தாதி.
ராத்திரி வீட்டிலேயே இருப்பதில்லை.
பகலில்தான் தூங்குவாள்.
தொந்தரவில்லை, இல்லவே இல்லை என்று
அன்றைக்கே இரண்டு தரம் சொன்னாளாம்.

"உனக்குத் தெரியாதா?" என்றான் இல்கோ.
"இங்கே மேலும் கீழும் என்றால் இல்லை.
இடமும் வலமும்தான் ஆம்."

கசிந்துகொண்டிருந்த சுவரைப் பார்த்தேன்.
அப்படியானால் ராடோஸ்வெட்
பொய்தான் சொல்லியிருக்கிறார்.
அது என்னிடம்
உண்மையாக வந்து சேர்ந்திருக்கிறது.

திறப்பு நாளில் பதினொரு பேர்.
அவர்களில் ஐவர் இல்கோவின் மைத்துனர்கள்.
பெட்ரோல் நிலையத்திலிருந்து மூட்டையில் ஐஸ்.
நள்ளிரவில், கருவியும் கையுமாக ஓர் அதிகாரி
தெருவில் நின்று காது கொடுத்தார்.
முள் ஒருமுறை துள்ளியது,
அது யாரோ ஒருவனின் ஸ்கூட்டருக்கு.
எங்கள் பாட்டு ஓர் அங்குலம்கூட வெளியே கசியவில்லை.
உள்ளே பாட்டு இருக்கிறதென்றும்
தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

விடிய ஆறு மணிக்குத் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.
வெள்ளைச் செருப்போடு பென்கா,
கடைசிப் படியை எட்டித் தாண்டி.
என்னிடம் ஒரு கடிதம் நீட்டினாள்,
மேலே அவள் பெட்டியில் கிடந்ததாம்.
மூன்றாம் ஸெல்மிராவுக்கு.

பிரிக்கவில்லை.
"காப்பி?" என்றேன்.
அவள் தலை
இடம் போய் வலம் வந்தது.

அடுப்பைப் பற்றவைத்தேன்.