பதினான்காம் குதிர்

ரோஸ்டவுனுக்கு மேற்கே பதினோரு கிலோமீட்டர்.
விடியவில்லை. பூச்சியத்துக்குக் கீழே முப்பத்து நான்கு பாகை.
திருடிய கோழியைப் போல
மடிக்கணினியைக் குளிர்ச்சட்டைக்குள் ஒளித்திருக்கிறேன்.
வெளியே எடுத்தால் நான்கு நிமிடத்தில் பேட்டரி செத்துவிடும்.

பத்தொன்பது தகரக் குதிர்கள், வயிறு நிறையக் கனோலா.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு ரேடியோ.
ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து
உள்ளே எத்தனை பாகை என்று ஒரு சொல் சொல்லிவிட்டு
மறுபடி தூங்கும். இரண்டு பேட்டரியில்
ஏழு வருடம் ஓட்ட வேண்டிய பிழைப்பு.
பதினான்கு மட்டும் எட்டாம் தேதியிலிருந்து பேசவில்லை.

லொரெய்ன் ஹ்ரின்சக் கையுறையைக் கழற்றி
தகரத்தில் உள்ளங்கையை வைக்கிறாள்.
"இதன் கூரையில் மட்டும் பனி நிற்கல, பார்த்தியா?"

பார்த்தேன். பிழையையும் நேற்றிரவு பார்த்துவிட்டேன்.
போன ஜூனில் நானே எழுதிய இரண்டு வரி:
பொதியைச் சில்லின் கையில் கொடு.
வரிசையை நிறுத்து.
அனுப்பி முடித்ததும் சில்லு ஒரு தட்டுத் தட்டும்,
தட்டினால் வரிசையைத் திறக்கலாம்.
சாஸ்கட்டூனில், மேசைமேல், இருபத்தொரு பாகையில்
இதில் ஒரு குற்றமும் இல்லை.

குளிரிலோ, மின்சாரம் மிச்சம் பிடிக்க
செயலி நடையைத் தளர்த்துகிறது.
முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில்
ஓர் ஆள் நுழையும் சந்து.
அதில் நுழைந்த தட்டு
இன்னும் சாத்தாத கதவைத் திறந்துவிட்டுப் போய்விட்டது.
பிறகு என் இரண்டாம் வரி சாவகாசமாக வந்து
தாழ் போட்டது.
யாரும் தவறாக நடக்கவில்லை. சில்லு கூட
நல்ல பிள்ளையாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

"ரீஸ்டார்ட் பண்ணினாச் சரி வரும் அண்ணை."
ஸ்கார்பரோவிலிருந்து போனில் வாகீசன்.
வரும். வரிசையில் நிற்பதெல்லாம் அழிந்துபோய், வரும்.
"அழிஞ்சால் என்ன? பழைய வெப்பநிலை ஆருக்கு வேணும்?"

லொரெய்னிடம் கேட்டேன்.
"இப்போ எவ்வளவுன்னு என் கையே சொல்லும்.
எப்போ தொடங்கிச்சு? அதைச் சொல்லு.
காற்றாடியை நிறுத்தச் சொன்னவன் என் தம்பி.
ஒன்பதாம் தேதி மதியம் நிறுத்தினோம்.
அன்னையிலிருந்து நான் அவனோட பேசல."

ஏணியில் ஏறி, விறைத்த கேபிளைச் செருகி,
நினைவகத்தில் அந்த ஓர் இடத்தைத் தேடினேன்.
ஒன்று என்றிருந்ததைப் பூச்சியம் ஆக்கினேன்.
எட்டு மணி நான்கு நிமிடம். அது விழிப்பது எட்டுப் பத்துக்கு.
ஆறு நிமிடம் இருவரும் டிரக்கின் முன்விளக்கில் நின்றோம்.
மூச்சு அவள் புருவத்தில் உறைந்தது.

பதினாறுக்கு மேல் வந்தால் தள்ளிவிடு
என்று எழுதியவனும் நான்தான். யோசித்தல்ல, சோம்பலில்.
புதியவை இருபத்தெட்டும் வாசலிலேயே போயின.
பழையவை பதினாறு உள்ளே நின்றுகொண்டிருந்தன.

எட்டுப் பத்து.
வந்தன.
எட்டாம் தேதி காலை, பதினொன்று.
பிற்பகல், பதினொன்று.
இரவு, பன்னிரண்டு.
ஒன்பதாம் தேதி, விடியுமுன் இரண்டு பத்து, பதினான்கு.
அவள் விரல் அங்கே நின்றது.
மீதிப் பன்னிரண்டை அவள் படிக்கவில்லை.
கடைசியாக இன்றையது: நாற்பத்தொன்று.

"காற்றாடிக்கு முன்னாடியே," என்றாள், என்னிடம் அல்ல.

குதிரை இன்றே காலி செய்ய வேண்டும், ஆள் வேண்டும்,
அதெல்லாம் அப்புறம் என்று டிரக்கில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.
காதில் போன். கண்ணாடியெல்லாம் மூச்சு படர்ந்துவிட்டது,
எடுத்தானா என்று தெரியவில்லை.

நிறுத்து. பிறகு கொடு.
வரிகளை இடம் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.
மற்றப் பதினெட்டிலும் அதே சந்து இருக்கிறது.
ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு
ஒன்றாம் குதிருக்கு நடக்கிறேன்.