ஏணி மார்க்

உறையின் பின்பக்கத்தில்
நாற்பது சொல்லுக்கு இடமிருக்கிறது என்றார் பிரியந்த சேர்.
அதில் பாதி சிங்களத்துக்கு.
மீதியில் எழுதுங்கள், தொண்ணூறு வருஷத்தையும்.
முறைப்பாட்டுக் கடிதங்களுக்குப் பதில் போடுகிறவள் நான்.
சுருக்கிச் சொல்ல எனக்கு வரும் என்று
யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ஏணி.
உழைத்து உச்சிக்கு ஏறுவதன் சின்னம்
என்கிறது ஐம்பதாம் ஆண்டு மலர்.
பழைய பற்றுச்சீட்டுக் கட்டில் வேறு கதை:
மாத்தளை, திருகோணமலை வீதி அச்சுக்கூடத்து சாலிஹீன்
ஒரு சுண்ணாம்புக் கம்பெனிக்காகச் செதுக்கி
அவர்கள் காசு கட்டாமல் விட்டுப்போன மரக்கட்டை அது.
ஓக்டன் துரையிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார்.
கொக்கோ அடிமரத்திலேயே காய்க்கும்.
உக்குவளைத் தோட்டத்தில் ஏணி வைத்து
எவரும் எதிலும் ஏறியதில்லை.

காய் உடைத்தவர்கள் செக்ரோலில் இருக்கிறார்கள்.
பேச்சியாயி, தவசி, காட்டுராசா, இரண்டு வீராயி.
வாழையிலை மூடிய பெட்டிக்குள் கொட்டை புளித்த ஆறு நாளும்
கையை விட்டுக் கிளறியவர்கள்.
உள்ளே சுடும். விரல் நுனி வெந்து வெளுக்கும்.
எழுபத்தோராம் வருஷப் புத்தகத்தில்
பேருக்கு நேரே சிவப்பு மையில் இந்தியா என்று எழுதி
கோடு இழுத்திருக்கிறது.
ஒரு வீராயிக்கு மட்டும் கோடு இல்லை.
எந்த வீராயி என்று தெரியவில்லை.

எழுபத்து மூன்றில் சீனி வரவில்லை.
கூப்பனுக்கே இல்லாத சீனி கம்பெனிக்கு எங்கே?
சீனி போடாமலே அச்சில் வார்த்தார்கள்.
நாக்கில் வைத்தவர்கள் துப்பினார்கள்.
கணக்கப்பிள்ளை எலியேசர் அன்றைக்குப் பின்னேரமே
ஒரு ரப்பர் முத்திரை வெட்டுவித்தார்:
கேக்குக்கு மட்டும்.

இப்படித்தான் நாங்கள் சமையல் சாக்லேட் ஆனோம்.
மாவுக்கு வரிசை, பாணுக்கு வரிசை,
விடியமுன் போய்க் கல் வைத்து இடம்பிடித்த நாட்டில்
கேக்குக்கு மட்டும்.
சனம் அதைச் சுரண்டி
கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு
வெந்நீரில் கலக்கிக் குடித்தது.
நல்லாத்தான் இருந்ததாம்.

எண்பத்து மூன்று, ஆடி.
கடைவீதிக் களஞ்சியத்தில் நானூறு பெட்டி.
கொழுப்பு நன்றாகப் பிடிக்கும்;
எண்ணெய் கொண்டுவந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.
கானில் இறங்கி ஓடியது
காலையில் இறுகிக் கிடந்தது, செருப்புத் தடங்களோடு.
மூன்று நாள் அந்தத் தெருவில் நத்தார் வாசம் அடித்தது
என்கிறார் எலியேசரின் மகன்.
அப்போது ஒன்பது வயது.
ஒளிந்திருந்த அறையில் அந்த வாசத்துக்குப் பசித்தது என்றார்,
சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு வந்ததெல்லாம் கணக்கு.
எட்டுக் கட்டம் ஏழானது. ஏணிக்கு எட்டுப் படிதான் இன்னும்.
கொக்கோ வெண்ணெய் போய்ப் பாம் எண்ணெய் வந்தது.
டொலர் இல்லாத வருஷம் உறைக்குத் தாள் கிடைக்காமல்
விற்காத கலண்டரை வெட்டிச் சுற்றினோம்.
ஹட்டனிலிருந்து ஒரு பேக்கரிக்காரர் எழுதியிருந்தார்:
பத்துக் கட்டி வாங்கினேன், மூன்றில் போயா லீவு,
மிச்ச ஏழையும் மாற்றித் தர முடியுமா?

பிரியந்த சேர் இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.
பாரம்பரியம் என்று எழுதினேன், வெட்டினேன்.
தொடங்கிய வருஷத்தை எழுதினேன், அதையும் வெட்டினேன்.
கடைசியில் கை தானாக எழுதியது
மாதம் முப்பது பேருக்கு நான் அனுப்பும் பதிலை:

மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம்.
பூஞ்சணம் அல்ல.
எங்கோ ஒருமுறை உருகி, மறுபடி இறுகியிருக்கிறது.
சாப்பிடலாம்.

எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று.
இன்னும் ஏழு சொல் மிச்சமிருக்கிறது, சேர்.