அம்புக்குறி

நாளொன்றுக்கு எண்ணூறு உருப்படி
என் கை வழியாகப் போகும்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி விட்ட கோடு,
கழுத்துப் பட்டியில் ஒற்றைத் தையல் தப்பியிருந்தாலும்
சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி
ஓரமாய் எறிந்துவிடுவேன்.
அனுப்பர்பாளையத்தில் எந்தக் கம்பெனியிலும் கேளுங்கள்,
கருணாம்பிகை கண்ணுக்குத் தப்பாது என்பார்கள்.

கோனின் வயிற்றில் முடியில்லாத இடத்தை
மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தேன்.

நூல்கோன் வந்த அட்டைப்பெட்டியில்
கண் திறக்காமல் கிடந்தது, அதனால் கோன்.
இங்க் ஃபில்லரில் பாலூட்டி எடுத்தவள் பிரமிளா.
அவளுக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல்.
இரண்டு வருடத்தில் வீடு
ஒருநாளும் காலியாய் இருந்ததில்லை.
வைகாசியில் கல்யாணமாகிக் கரூர் போனாள்.

பொழுதோட வந்து கதவைத் திறந்தால்
காலையில் வைத்த சோறு வைத்தபடி.
நான் செருப்பைக் கழற்றிய பிறகுதான் தின்னும்.
கொழுப்பு என்றேன்.
பாயில் மூத்திரம்,
அதுவும் பிரமிளா படுக்கிற பக்கம் மட்டும்.
திமிர் என்றேன்.
ரவைக்கு ரெண்டு மணிக்கு
கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒரு குரல் எடுக்கும்,
லைன் வீடு மொத்தமும் முழித்துக்கொள்ளும்.
சனியனே என்றேன்.
பூனைக்கென்னங்க வெசனம், நாய்தான் ஏங்கும்
என்றார்கள் எல்லாரும்.
நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர்
புரட்டிப் போட்டுப் பார்த்தார்.
சொறி இல்லை, உண்ணி இல்லை, மூத்திரத்திலும் கோளாறில்லை.
"நக்கி நக்கி அதுவே எடுத்துக்கிச்சு.
நீங்க எத்தன மணிநேரம் வெளிய இருப்பீங்க?"
ஒன்றரை ஷிப்ட்டுங்க.
பேனாவை மூடி வைத்துவிட்டார்.
துணைக்கு இன்னொரு பூனை வாங்கிவிடட்டுமா என்றேன்.
"மொதல்ல நீங்க சித்த இருந்து பாருங்க."

பழுதைக் கண்டால் ஒதுக்கத்தான் எனக்குத் தெரியும்.

ஜன்னல் ஸ்கிரீனைக் கழற்றினேன்.
கீழே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன்.
எதிரே மரமில்லை, குருவியில்லை,
சாயப்பட்டறைச் சுவரும்
கம்பியில் காயும் யாரோ ஒருவரின் லுங்கியும்தான்.
லுங்கி அசையும்போதெல்லாம்
வால் நுனி அசைகிறது.
வேலைக்குப் போட்டுப்போன சுடிதாரைத் துவைக்காமல்
அது படுக்கிற மூலையில் விடுகிறேன்.
காலி நூல்கோன்களுக்குள் நெத்திலிக் கருவாட்டைத் திணித்து
பீரோவடியில் ஒன்று, அம்மிக்குப் பின்னால் ஒன்று.
இரவு சோற்றுக்கு முன் கால்மணி நேரம்,
தினமும் அதே நேரம்,
கட்டிங் வேஸ்டில் எடுத்த ஒரு முழ எலாஸ்டிக்கைத்
தரையில் இழுத்துக்கொண்டு தவழ்கிறேன்.
முடிந்ததும் பூட்டி வைத்துவிட வேண்டும், விழுங்கிவிடும்.
முதல் வாரம் அது
என்னைத்தான் பார்த்தது, எலாஸ்டிக்கை அல்ல.

பக்கத்து வீட்டு ஒடிசாக்காரர் மகள் மிட்டுவிடம்
ஒரு சாவி கொடுத்திருக்கிறேன்.
பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வந்து
'பிலேய், பிலேய்' என்பாளாம்.
நான் கோன் என்று எத்தனை கூப்பிட்டும் வராதது
அவள் பாஷைக்கு வருகிறதாட்ட இருக்கு.

வெள்ளிக்கிழமை ஷிப்மெண்ட்.
விடிய விடிய ஓட்டணும் என்றார் சூப்பர்வைசர்.
முடியாதுங்க என்றேன்.
ஏழு வருசத்தில் முதல் தடவை.
"ஏனுங்க, ஊட்ல ஒறம்பரையா?"
ஆமாங்க.
"எத்தன நாளைக்கு?"
கையிலிருந்த பனியனைத் திருப்பிப் பார்த்தேன்.
அதில் ஒரு குறையுமில்லை.
இருப்பாங்க என்றேன்.

முடி இன்னும் முளைக்கவில்லை.
விளக்கில் சாய்த்துப் பார்த்தால்
பஞ்சு மாதிரி ஏதோ தெரிகிறது, உறுதியாய்ச் சொல்லமுடியாது.
நேற்று எலாஸ்டிக்கை ஒரே ஒருமுறை அடித்தது.
பிறகு ஒன்றும் நடக்காததுபோலப் போய்
லுங்கியைப் பார்க்க உட்கார்ந்துவிட்டது.
நானும் போய் உட்கார்ந்தேன்.
நீலக் கட்டம்.
ஓரம் பிரிந்திருக்கிறது.